ஆண்டவரைச் சார்ந்து ஒரு காரியத்தை நடத்துவது எப்படி? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

மதுரை பசுமலையில் எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடி ஜெபிப்போம். தையல் கடையை 5 மணிக்குச் சாத்திவிட்டு நான் போய்ச் சேருவேன். 11 வருடமாகப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எப்படியோ சுற்றி வந்து ஒரே கேள்வியில் நிற்பார்கள்: "ஆண்டவரை நம்பு, அவரையே சார்ந்திருன்னு சொல்றீங்க. சரிக்கா, நாளைக்குக் காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யணும்?"

அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. நானே தவறிச் செய்து, திருத்திக்கொண்டு, பிறகு பலரோடு உட்கார்ந்து செய்து பார்த்தது.

இதில் வரிசைதான் பெரிய விஷயம். நான் பார்த்தவரை, தடுமாறுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் விசுவாசத்துக்குக் குறைவில்லை. வரிசை மாறிப்போகிறது. முடிவை எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் ஜெபிக்கிறார்கள். வெட்டிய பிறகு அளவெடுக்கிற மாதிரி.

தொடங்கும் முன் வேண்டியவை

40 பக்க நோட்டு ஒன்று. பேனா. அச்சிட்ட பைபிள். போனில் இருக்கிற பைபிள் நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு வேண்டாம். வசனத்தைத் தேடிப் போகிற விரல் வாட்ஸ்அப்பில் போய் நின்றுவிடும், 20 நிமிடமும் அங்கேயே கரைந்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் 20 நிமிடம். எனக்குக் காலை 4:45, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால். உங்களுக்கு ராத்திரி 10 மணி என்றால் அதுவும் சரிதான். நேரம் மாறிக்கொண்டே இருந்தால் நாலாம் நாள் விட்டுப்போகும்.

அப்புறம் ஒரு ஆள். உங்களிடம் "வேண்டாம், இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். கணவரோ மனைவியோ கூட இருக்கட்டும், அது அவசியம். ஆனால் அந்தக் காரியத்தில் லாபமோ நஷ்டமோ இல்லாத இன்னொருவரும் வேண்டும்.

உபவாசத்தை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் அதை ஆண்டவருக்குக் கட்டுகிற முன்பணம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எப்போதுமே செய்ய வேண்டாம்.

1. எதன்மேல் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்

நீதிமொழிகள் 3:5-ஐ நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து" என்று வருகிறது. அதில் "சாயாமல்" என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். புத்தியைப் பயன்படுத்தாதே என்று அங்கே இல்லை. சாயாதே என்றுதான் இருக்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு, முழு உடம்பையும் அதன்மேல் போட்டுத் தூங்குவது வேறு. கம்பி கழன்றால் முன்னவர் தடுமாறுவார், பின்னவர் விழுவார்.

நீங்கள் எதன்மேல் சாய்ந்திருக்கிறீர்கள் என்று கண்ணை மூடி யோசித்தால் சரியான பதில் வராது. "ஆண்டவர்மேல்" என்றுதான் வாய் சொல்லும். அதனால் போனை எடுங்கள். கடைசியாக ஒரு கெட்ட செய்தி வந்த நாளை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யார் யாருக்குப் போன் போட்டீர்கள்? முதல் அழைப்பு யாருக்கு? ஜெபித்தது எத்தனையாவது அழைப்புக்குப் பிறகு?

எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்கு ஒத்திக்கு இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஆடி முடிந்து ஆவணியில் போய்விட வேண்டும். செய்தி வந்த மத்தியானம் அவள் 9 பேருக்குப் பேசியிருந்தாள். முதல் ஆள் வெளிநாட்டில் இருக்கிற அண்ணன். "ஜெபம் பண்ணினியா?" என்று கேட்டதற்கு, "ராத்திரி படுக்கும்போது பண்ணினேன்க்கா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அண்ணனுக்குப் பேசியது தப்பே இல்லை. ஆனால் அண்ணன் போனை எடுக்காத அந்த ரெண்டு மணி நேரம் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. சாய்ந்திருந்தது எங்கே என்று அப்போது தெரிந்துவிட்டது.

நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். ஆளாக இருக்கலாம், பேங்க் இருப்பாக இருக்கலாம், "எனக்கு இந்த வேலை தெரியும்" என்கிற திறமையாக இருக்கலாம். எழுதாமல் அடுத்த படிக்குப் போனால், ஆண்டவரைத் தேடுகிற மாதிரி இருக்கும், மனது பழைய தூணிலேயே சாய்ந்திருக்கும்.

2. ஒரே ஒரு காரியத்தை எடுங்கள்

"ஆண்டவரே, என் வாழ்க்கை முழுவதையும் உம் கையில் தருகிறேன்." இதைச் சொல்வது எளிது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மகனுடைய காலேஜ் சீட்டை நம் இஷ்டத்துக்கு முடிவு செய்வது அதைவிட எளிது.

அதனால் ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒரு பக்கம் முடிந்தாக வேண்டும். பள்ளிக் கட்டணம், வேலை மாற்றம், நாத்தனாரோடு பேசாமல் கிடக்கிற சண்டை, எதுவானாலும் சரி. தேதி இல்லாத காரியத்தில் நாம் சார்ந்திருக்கிறோமா, தள்ளிப்போடுகிறோமா என்று நமக்கே தெரியாது.

வீட்டிலேயே பெரிய பாரத்தை முதலில் எடுக்காதீர்கள். 10 வருடமாகக் குடிக்கிற கணவருக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அது நடக்கட்டும். பழகுவதற்கு எடுக்கிற காரியம் வேறு. தையல் படிக்க வருகிற பிள்ளையிடம் முதல் நாளே பட்டுப் பிட்டை யாரும் கொடுப்பதில்லை.

அந்தத் தங்கச்சி எடுத்தது வீடு.

3. இயலாமையை அப்படியே சொல்லுங்கள்

முதல் மூன்று நாள் இதை மட்டும் செய்யுங்கள். எதையும் கேட்க வேண்டாம். என்ன நடந்தது, உங்களுக்கு என்ன பயம், உங்களால் எது முடியாது என்பதைச் சொல்லுங்கள். நோட்டில் எழுதியே சொல்லலாம்.

சங்கீதம் 62:8-ல் "அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்று இருக்கிறது. குடத்தை ஊற்றினால் தெளிந்த தண்ணீர் முதலில் வரும், அடியில் கிடக்கிற வண்டல் கடைசியில்தான் வரும். நம் ஜெபம் தெளிந்த தண்ணீரோடு நின்றுவிடுகிறது. அதற்கு ஒரு காரணம் ஜெப பாஷை. "சர்வ வல்லமையுள்ள பரிசுத்த பிதாவே" என்று ஆரம்பித்து, சபையில் கேட்ட வாக்கியங்களை வரிசையாகச் சொல்லி, ஆமென் வரைக்கும் வந்துவிடலாம். உள்ளே இருக்கிற ஒரு பயத்தைக்கூடத் தொடாமலே வந்துவிடலாம்.

அந்தத் தங்கச்சி நன்றாக ஜெபிப்பவள். குரல் ஏறும், இறங்கும், எல்லோருக்கும் கண் கலங்கும். அந்தச் சனிக்கிழமை அப்படியே ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சின்னக் குரலில், "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைகளை வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியல" என்றாள். அவ்வளவுதான் ஜெபம். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

யூதாவின் ராஜா யோசபாத்துக்கு எதிராகப் பெரிய சேனை வந்தபோது, ஜனங்கள் எல்லோர் முன்னாலும் அவர் இதையேதான் சொன்னார். செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கின்றன என்று. 2 நாளாகமம் 20-ஐ எடுத்து முழுதும் வாசியுங்கள். ராஜாவே சொல்லலாம் என்றால் நாம் சொல்ல என்ன வெட்கம்?

ஏன் இந்தப் படி மூன்றாவதாக வருகிறது என்றால், இயலாமையைச் சொல்லாதவர் அடுத்த படியில் உண்மையாகக் கேட்க மாட்டார். தனக்கு விடை தெரியும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே கேட்பார்.

4. முடிவெடுக்கும் முன்னால் கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நான் சறுக்கியதும் இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் மெயின் ரோட்டில் பெரிய கடை ஒன்று வாடகைக்கு வந்தது. கண்ணாடி முகப்பு, ரெண்டு மிஷின் கூடப் போடலாம். பார்த்த அன்றே 50 ஆயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில், "கடைக்காக ஜெபியுங்கள்" என்று விண்ணப்பம் கொடுத்தேன். எல்லோரும் உருகி ஜெபித்தார்கள். எட்டாவது மாதம் கடையைக் காலி செய்தேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அன்று ராத்திரி என்னை உறுத்தியது பணம் மட்டுமல்ல. எட்டு மாதமும், "ஏன் ஆண்டவரே உதவி செய்யவில்லை?" என்று அவரையே குறை சொல்லியிருக்கிறேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை. நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

யோசுவா 9-ல் கிபியோனியர் வருகிற இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் குடியிருக்கிறவர்கள், தூர தேசத்திலிருந்து வருகிற மாதிரி நடிக்கிறார்கள். கிழிந்த திராட்சரசத் துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, காய்ந்து பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலர் சும்மா நம்பிவிடவில்லை. விசாரித்தார்கள், அந்த அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். ஆதாரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. 14-ம் வசனம் ஒரே ஒரு குறையைத்தான் சொல்கிறது: "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்". உடன்படிக்கை செய்து மூன்று நாள் கழித்துத்தான் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிகிறது.

சரி, கேட்பது எப்படி? நான் செய்வது இதுதான்.

நோட்டில் ஒரு பக்கத்தை ரெண்டாகப் பிரியுங்கள். இரண்டு வழிகளையும் எழுதுங்கள். தங்கச்சியின் நோட்டில் இடது பக்கம், "வட்டிக்கு வாங்கி, பக்கத்துத் தெருவில் பெரிய ஒத்தி வீடு" என்று இருந்தது. வலது பக்கம், "கையில் உள்ள பணத்துக்குள் தள்ளி ஒரு சின்ன வீடு." ஒவ்வொன்றுக்கும் கீழே, அது நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள். எழுதும்போதே உங்கள் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள்: "எனக்கு இடது பக்கம்தான் பிடிச்சிருக்கு. ஆனாலும் நீங்க வேண்டாம்னா விட்டுடுறேன்." இந்தக் கடைசி வரி வாயிலிருந்து வரவில்லை என்றால் இன்னும் கேட்கத் தயாராகவில்லை என்று அர்த்தம். அது வரும்வரை மூன்றாம் படியிலேயே இருங்கள். எனக்கு ஒருமுறை ஆறு நாள் ஆனது.

அதன் பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். அந்த வழி வேதத்துக்கு முரணாக இருக்கிறதா? பொய்க் கணக்கு எழுத வேண்டிய வழி என்றால் அங்கேயே முடிந்தது, அதற்கு மேல் ஜெபிக்கக்கூட வேண்டாம். இரண்டாவது, நீங்கள் தேர்ந்துகொண்ட அந்த ஒரு ஆள் என்ன சொல்கிறார்? மூன்றாவது, சில நாள் அந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு நடமாடினால் உள்ளே அமைதி இருக்கிறதா, நெருடுகிறதா? மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அமைதி மட்டுமே போதும் என்று எடுத்துக்கொண்டால், ஆசைக்கும் அமைதிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

இங்கே நடக்கிற தவறுகள் கொஞ்சம் நிறையவே உண்டு. கண்ணை மூடிப் பைபிளைத் திறந்து விரல் வைத்த வசனத்தைப் பதிலாக எடுப்பது ஒன்று. வருடப் பிறப்பு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையைக் கொண்டுவந்து, "எல்லையை விரிவாக்குவேன்னு வந்திருக்குக்கா, அதனால இடம் வாங்கலாம்" என்பது இன்னொன்று. அந்த அட்டை வருடம் முழுதும் உங்களைத் தேற்றட்டும், நல்லது. பத்திரப்பதிவுக்கு அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, தனக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை ஒவ்வொரு ஊழியக்காரராகப் போய்க் கேட்பது. நாலாவது ஆள் "போ" என்றதும், "ஆண்டவர் பேசிட்டார்" என்று சந்தோஷமாக வருவார்கள். முதல் மூன்று பேர் சொன்னது நோட்டில் இருக்காது.

5. உங்கள் பங்கைச் செய்யுங்கள்

கேட்டாயிற்று, வழி ஓரளவு தெரிகிறது. இப்போது எழுந்து வேலையைப் பாருங்கள். சார்ந்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று நினைக்கிறவர்கள் இந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள்.

என் சொந்த ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே. கண்மாய்த் தண்ணீர்தான் விவசாயம். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஆம்பளைகள் மண்வெட்டியோடு வரத்துக் கால்வாய்க்குப் போவார்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டி, வண்டலை அள்ளிக் கரையில் போடுவார்கள். அப்பா சாயங்காலம் முழங்கால் வரை சேறோடு வருவார். கால்வாயை வெட்டினால் மழை வரும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. மழை ஆண்டவர் தருவது. ஆனால் மழை கொட்டியும் கால்வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடும், கண்மாய் காய்ந்து கிடக்கும். ரெண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை.

எருசலேம் அலங்கத்தை, அதாவது மதில் சுவரை, கட்டும்போது நெகேமியா தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்தார் என்று நெகேமியா 4:9-ல் இருக்கிறது. ஒரே வசனத்தில் ரெண்டும். ஜெபம் முதலில், காவல் அடுத்து.

மருந்து விஷயத்தை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜெபித்துவிட்டேன் என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆசா ராஜாவின் கதையை எடுத்துக்காட்டி, "அவன் டாக்டரைத் தேடினதால செத்தான்" என்று சொல்கிறவர்கள் 2 நாளாகமம் 16:12-ஐ மறுபடி நிதானமாக வாசிக்க வேண்டும். "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்று இருக்கிறது, பரிகாரி என்றால் வைத்தியர். கர்த்தரைத் தேடாததுதான் அங்கே குறை. எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசியே அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் கட்டச் சொன்னார். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். ஜெபித்துவிட்டு மாத்திரையைப் போடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

தங்கச்சி அந்த இரண்டு வாரத்தில் 14 வீடு பார்த்தாள். திருநகர், திருப்பரங்குன்றம், பழங்காநத்தம் என்று வெயிலில் அலைந்தாள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது, "ஆண்டவரே, கூட வாங்க" என்று மட்டும் சொல்வாளாம்.

6. காத்திருக்கும்போது திரும்பப் பிடுங்காதீர்கள்

பகலில் ஒப்புக்கொடுப்போம், ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்து திரும்ப எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் நடப்பதுதான்.

கவலை திரும்ப வந்தது என்பதற்காக விசுவாசம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வரி சொல்லுங்கள்: "இது உங்க கையில குடுத்தது ஆண்டவரே, திரும்பத் தர்றேன்." அவ்வளவு போதும். நீளமாக ஜெபிக்க உட்கார்ந்தால் அந்த நேரத்தில் அது ஜெபமாக இருக்காது, கவலையைச் சத்தமாகச் சொல்வதாக ஆகிவிடும். முதல் நாள் 20 கோடு இருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம், 20 தடவை அவரிடம் திரும்பிப் போயிருக்கிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்தச் சொல்கிறது. அதனால் கோட்டுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நடந்த ஒரு நன்மையையும் எழுதுங்கள். குழாயில் தண்ணீர் வந்ததுகூடச் சரி.

காத்திருக்கிறவர் விழுகிற இடம் பெரும்பாலும் கடைசி நாள். சாமுவேல் தீர்க்கதரிசி வந்து பலி செலுத்துவதற்காகச் சவுல் ராஜா ஏழு நாள் காத்திருந்தார். சாமுவேல் வரவில்லை, ஜனங்கள் சிதறிப் போகிறார்கள். தானே பலி செலுத்திவிட்டார். அதை முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். 1 சாமுவேல் 13-ஐ நான் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும். அவர் காத்திருக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கெடு முடிகிற அன்றைக்குக் கைவிட்டார்.

ஆகவே தேதி நெருங்குகிற கடைசி மூன்று நாளில் புதிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். உங்கள் ஆளுக்குப் போன் செய்து, "என்னைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். தங்கச்சி 27-ம் தேதி எனக்குப் போன் செய்தாள். "வட்டிக்காரர்கிட்டப் பேசிட்டேன்க்கா, நாளைக்குப் பணம் தர்றாராம்." நான் திட்டவில்லை. நோட்டை எடுத்து அந்த ரெண்டு பத்திப் பக்கத்தை எனக்கு வாசிக்கச் சொன்னேன். இடது பக்கத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: "வட்டி கட்டினா பெரியவ பீஸ் கட்ட முடியாது." வாசித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

7. பதில் வந்ததும் எழுதுங்கள், விரும்பாத பதிலையும்

அவளுக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒரு வீடு கிடைத்தது. மாடி. தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஏற வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி தூரம், பஸ் மாற வேண்டும். ஆனால் வட்டி இல்லை. இதைச் சாட்சி சொல்ல அவளுக்குத் தயக்கம். சபையில் சொல்கிற சாட்சிகள் எல்லாம் கேட்டதைவிடப் பெரிதாகக் கிடைத்த கதைகளாகவே இருக்கின்றன. குடம் சுமக்கிற சாட்சியை யார் கேட்பார்கள் என்று நினைத்தாள். நான் சொல்லச் சொன்னேன். அன்று கூட்டத்தில் மூன்று பெண்கள் அவளிடம் தனியாக வந்து பேசினார்கள்.

பதிலைத் தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதத்தில் மனது கதையை மாற்றிவிடும். நடந்த நல்லதை நம் சாமர்த்தியம் என்று சொல்லும், நடந்த கெட்டதை ஆண்டவர் கைவிட்டார் என்று சொல்லும். நோட்டு மாற்றாது.

"இல்லை" என்றும் பதில் வரும். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான் கிடைத்த பதில். 2 கொரிந்தியர் 12-ல் இருக்கிறது. அப்படிப்பட்ட பதிலோடு இருக்கிற ஒருவரிடம் போய், "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் கூட்டத்தில் கணவரைப் பறிகொடுத்த ஒரு அக்காவிடம் யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்கள். அந்த அக்கா இரண்டு வருடம் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாம் வருடம் வந்து பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, டீ கொடுத்தோம்.

8. தெரிந்த வேலையிலும் கேளுங்கள்

கஷ்டத்தில் சார்ந்திருக்கப் பழகினவர்கள் நல்ல நாளில் விட்டுவிடுவார்கள். வனாந்தரத்தைத் தாண்டி வீடும் மாடும் பெருகினபின், "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" சம்பாதித்தது என்று சொல்லுவாய், எச்சரிக்கையாயிரு என்று உபாகமம் 8-ல் மோசே அதைத்தான் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

எனக்குப் பிளவுஸ் வெட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒரு முகூர்த்த சீசனில் கல்யாணப் பெண்ணின் பட்டுப் பிட். அளவு பிளவுஸைப் பக்கத்தில் வைத்திருந்தேன், விரித்துப் பார்க்கவில்லை. கண்ணளவிலேயே சாக்பீஸ் கோடு போட்டு, கத்தரியை ஓட்டிவிட்டேன். பிளவுஸ் கைக்கு வெட்டும்போது துணி லேசாக இழுத்தது. விரித்துப் பார்த்தால் கழுத்து ஒன்றரை இஞ்ச் அகலமாகப் போயிருக்கிறது. பட்டில் வெட்டினால் வெட்டினதுதான். அந்த ராத்திரி முழுக்கக் கழுத்துக்குப் பட்டி கொடுத்து, கண்ணாடி வேலை வைத்து மறைத்தேன். பெண்ணின் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லித்தான் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

அதிலிருந்து கத்தரி எடுக்கும் முன் துணிமேல் கை வைத்து ஒரு நொடி நிற்பேன். "ஆண்டவரே, இதுவும்." அவ்வளவுதான் ஜெபம். அப்புறம் டேப்பை எடுப்பேன். நின்றதால்தான் டேப் ஞாபகம் வருகிறது என்று நீங்கள் சொன்னாலும் எனக்குச் சம்மதம், அந்த நிற்கிற நொடியைத் தருகிறவரும் அவர்தான் என்று நான் நம்புகிறேன்.

போன தடவை ஜெயித்த வழியை இந்தத் தடவையும் கேட்காமல் போடாதீர்கள். தாவீது ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பெலிஸ்தரை ஜெயித்தார். அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்குக்கு மறுபடி வந்தார்கள். தாவீது மறுபடி கேட்டார். இந்தத் தடவை நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ என்று பதில் வந்தது. 2 சாமுவேல் 5-ன் கடைசிப் பகுதி. சின்னப் பகுதிதான், இன்று ராத்திரியே வாசித்துவிடலாம்.

9. அடுத்த காரியமும், அடுத்த ஆளும்

ஒரு காரியம் முடிந்ததும் புதிய பக்கத்தில் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படிக்கும் போய்ப் போனைப் பாருங்கள். முன்பு எழுதிய பெயர் போய், வேறு பெயர் வந்திருக்கும். மனுஷர்மேல் சாய்ந்திருந்தவர்கள் சில நேரம் கூட்டம் நடத்துகிற அக்காமேலேயே சாய ஆரம்பித்துவிடுகிறார்கள். அது எனக்கு நடந்திருக்கிறது, எனக்கும் அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்படி யாராவது உங்கள்மேல் சாய்ந்தால், அவருக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். மகனுக்கு எந்தக் காலேஜ் என்று என்னிடம் கேட்க வாயெடுத்தாள். திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறி வந்த தங்கச்சி முந்திக்கொண்டாள். பையிலிருந்து புது 40 பக்க நோட்டு ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்து, "விஷயம் தெரிஞ்சதும் மொதல்ல யாருக்குப் போன் போட்டீங்க?" என்று கேட்டாள்.